37 லிட்டர் டேங்கில் 38.6 லிட்டர் பெட்ரோல் எப்படிப் போகும்?

தாம்பரம் நெல்லை:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2019 கடைசியில் வாங்கிய ஸ்விஃப்ட், பெட்ரோல், மேனுவல் கியர். நான்கு நாளைக்கு முன்பு தாம்பரத்தில் எப்போதும் போடுகிற பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு குடும்பத்தோடு திருநெல்வேலி கிளம்பினோம். வழியில் எங்கும் பெட்ரோல் போடவில்லை. திருச்சி, மதுரை, கோவில்பட்டி என்று நேர் சாலையில் வந்து, அப்புறம் இங்கே இரண்டு நாள் சொந்தக்காரர்கள் வீட்டுக்குச் சுற்றியதும் சேர்த்து டிரிப் மீட்டர் 650 கிலோமீட்டரைத் தொட்டபோது பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இன்னும் 18 கிலோமீட்டர் ஓடும் என்று திரை காட்டியது. பக்கத்தில் இருந்த பங்குக்குப் போய் ஃபுல் டேங்க் போடச் சொன்னேன்.

ரசீதில் 38.6 லிட்டர், 3,900 ரூபாய். வீட்டுக்கு வந்த பிறகு என் மைத்துனர்தான் கேட்டார், "மாமா, இந்த வண்டி டேங்கே 37 லிட்டர்தானே?" என்று. கையேட்டை எடுத்துப் பார்த்தேன், 37 என்றுதான் போட்டிருக்கிறது. டேங்கில் மீதியும் இருந்திருக்கிறது, குறைந்தது ஒன்றரை இரண்டு லிட்டராவது இருந்திருக்கும். அப்படியானால் நான்கு லிட்டருக்குப் பக்கத்தில் இல்லாத பெட்ரோலுக்குக் காசு கொடுத்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? நேற்று இரவு முழுக்க இதே யோசனைதான். 400 ரூபாய் போனது ஒரு பக்கம், ஏமாந்துவிட்டோம் என்பதுதான் மனதைக் குடைகிறது.

இன்னொன்று. 650-ஐ 38.6-ஆல் வகுத்தால் 16.8 வருகிறது. திரையில் சராசரி 19.3 என்று காட்டுகிறது. வாங்கும்போது சொன்ன மைலேஜ் 21.21. இந்த மூன்றில் எதை நம்புவது? பங்க் ஏமாற்றியதால்தான் கணக்கு குறைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாளை மறுநாள் திரும்பிப் போக வேண்டும், அதற்குள் அந்தப் பங்கில் போய்க் கேட்கலாம் என்று இருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பணிமனை:

தம்பி, சண்டைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இருபத்தியிரண்டு வருடம் கார் பணிமனையில் இருந்தவன் நான், டேங்கைக் கழற்றி இறக்கி வைத்து வேலை பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கையேட்டில் போட்டிருக்கும் 37 என்பது டேங்கின் மொத்தக் கொள்ளளவு கிடையாது. இந்த அளவு வரைக்கும் நிரப்பலாம் என்று கம்பெனி குறித்த அளவு அது. அதற்கு மேலே காற்றுக்காக ஓர் இடத்தை வேண்டுமென்றே விட்டுத்தான் டேங்கை வார்க்கிறார்கள். பொதுவாக 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வண்டிக்கு வண்டி கூடும் குறையும். அது போக வாயிலிருந்து டேங்க் வரை வரும் குழாய் இருக்கிறது, அதிலும் கொஞ்சம் நிற்கும்.

ஏன் அந்த இடம் என்றால், பெட்ரோல் சூட்டுக்கு விரியும். ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.1 சதவீதம். பங்கில் பெட்ரோல் பூமிக்கு அடியில் இருக்கிறது, அங்கே வெயில் படுவதில்லை. நீங்கள் 40 லிட்டரை விளிம்பு வரை ரொப்பிக்கொண்டு போய் சித்திரை வெயிலில் நிறுத்தினால், 15 டிகிரி ஏறினாலே அரை லிட்டருக்கு மேல் கூடிவிடும். அந்த அரை லிட்டர் எங்கே போகும்? இடம் இல்லையென்றால் ஆவிக்குழாய் வழியாகத்தான் வழி தேடும்.

இப்போது நான் கேட்பதற்கு நினைவுபடுத்திப் பதில் சொல்லுங்கள். பங்கில் பெட்ரோல் போடும் குழாயின் முனை, அதைத்தான் துப்பாக்கி என்போம், தானாக 'டக்' என்று நின்றதா? நின்ற பிறகு எவ்வளவு நேரம் போட்டார்கள்? ரசீதில் 3,900 என்று முழு எண்ணாக இருக்கிறது, எனக்கு அங்கேதான் சந்தேகம். தானாக நிற்கிற இடம் முழு ரூபாயில் வந்து நிற்காது.

தாம்பரம் நெல்லை:

ஐயா, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். முதலில் ஒரு தடவை நின்றது. அப்போது 3,520 ரூபாய் போல இருந்தது, மீட்டரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பையன் "ரவுண்டா போட்டுரலாமா சார்" என்று கேட்டான், நானும் சரி என்றேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினான், மறுபடி நின்றது, வண்டியின் பின்பக்கத்தை லேசாகக் குலுக்கினான், மறுபடி போட்டான். வழக்கமாக எல்லாரும் இப்படித்தானே போடுகிறார்கள் என்று நான் ஒன்றும் நினைக்கவில்லை. தாம்பரத்தில் கிளம்பும்போது முதல் தடவை நின்றதோடு விட்டுவிட்டார்கள், அன்று கூட்டம்.

பழைய பணிமனை:

அவ்வளவுதான் விஷயம். உங்கள் ரசீதுப்படி லிட்டர் 101 ரூபாய் சொச்சம். 3,520-ஐ அதால் வகுத்தால் 34.8 லிட்டர். அதாவது முதலில் நின்றபோது 34.8 லிட்டர் போயிருந்தது, டேங்கில் ஏற்கெனவே இரண்டு லிட்டருக்கு மேல் இருந்திருக்கும், இரண்டும் சேர்த்தால் உங்கள் கையேடு சொல்லும் 37 வருகிறதா? மிச்சம் 3.8 லிட்டரை, காற்றுக்கு விட்டிருந்த இடத்திலும் குழாயிலும் குலுக்கிக் குலுக்கி ஏற்றியிருக்கிறார்கள். மொத்தம் 41 லிட்டர் வரை போயிருக்கிறது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை, இதைவிட அதிகமாக ரொப்பிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

துப்பாக்கி எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் இது எளிதாகப் புரியும். அதன் மூக்கு நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அடுத்த முறை பாருங்கள். பெட்ரோல் ஓடும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டேங்கில் அளவு ஏறியதும் உள்ளே ஒரு வால்வு மூடிக்கொள்ளும், காற்று வெளியேற வழி அடைபடும், பெட்ரோல் குழாயில் மேலே எழும்பி அந்த ஓட்டையை மூடும். காற்று கிடைக்காத அந்த நொடியில் உள்ளே இழுவிசை கூடி விசையை விடுவித்துவிடும். கரண்டும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது, வெறும் காற்றுதான். அதனால்தான் சில நொடி பொறுத்தாலோ வண்டியைக் குலுக்கினாலோ மறுபடி கொஞ்சம் இறங்குகிறது.

இதில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது 400 ரூபாய் இல்லை. டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கரி டப்பா இருக்கிறது, கேனிஸ்டர் என்போம். அது ஆவிக்கு மட்டும் செய்தது. விளிம்பு வரை ரொப்பினால் பெட்ரோல் திரவமாகவே அதற்குள் போய்விடும், கரி நனைந்து கெட்டுவிடும். பெட்ரோல் போட்ட கையோடு வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுவது, பின்பக்கம் பெட்ரோல் வாடை அடிப்பது, எஞ்சின் விளக்கு எரிவது எல்லாம் இதிலிருந்துதான் ஆரம்பிக்கும். தானாக நின்ற பிறகு போடாதீர்கள் என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். ரவுண்டாக வேண்டுமென்றால் முதலிலேயே 3,000 ரூபாய்க்கு என்று சொல்லிப் போடுங்கள்.

அளவுக்கோல்:

பணிமனை ஐயா சொன்னது சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாப் பங்கும் நேர்மையானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் என் பங்குக்கு எழுதுகிறேன். டேங்க் அளவை வைத்துப் பங்கைக் குற்றம் சொல்லவும் முடியாது, நல்லது என்று சொல்லவும் முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது.

ஒவ்வொரு பங்கிலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் குவளை இருந்தாக வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும், அதற்குக் காசு கிடையாது, பிடித்த பெட்ரோல் அவர்கள் தொட்டிக்கே திரும்பப் போகும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் அந்தப் பம்ப் ஓடக் கூடாது. குவளைக் கழுத்தில் கோடு இருக்கும், குனிந்து கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். சும்மா மேலே இருந்து பார்த்தால் தவறாகத் தெரியும். பம்பில் எடையளவு முத்திரை எந்த வருடம் போட்டது என்றும் பார்க்கலாம், வருடத்துக்கு ஒரு முறை அதிகாரி வந்து சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது, புகாரும் அங்கேதான் போகும்.

ஏமாற்று வேலைகள் நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் லக்னோவில் பம்புகளுக்குள் சிப் வைத்து ரிமோட்டில் அளவைக் குறைத்ததைக் காவல்துறை கண்டுபிடித்தது, அப்போது பெரிய செய்தி. சாதாரணமாக நடப்பது அதைவிடச் சின்னது. முந்தைய ஆளுக்குப் போட்டதைப் பூஜ்யமாக்காமல் உங்களுக்குத் தொடர்வது, 1,000 கேட்டால் 200 போட்டுவிட்டு "சாரி சார் கவனிக்கல" என்று சொல்லி மீட்டரைப் பூஜ்யமாக்காமலே "மீதி 800 போடுறேன்" என்று 800 வரை மட்டும் ஓட்டுவது. அப்படி நடந்தால் 200 ரூபாய் காணாமல் போயிருக்கும், நாம் பேச்சில் இருப்போம். வண்டியை விட்டு இறங்கி, பூஜ்யத்தைப் பார்த்து, முடிகிற வரைக்கும் மீட்டரிலிருந்து கண் எடுக்காமல் நின்றாலே இதில் பாதி நடக்காது.

அப்புறம் அடர்த்தி. பம்பில் அன்றைய அடர்த்தியைக் காட்டுவார்கள், பெட்ரோலுக்குக் கன மீட்டருக்கு 720-லிருந்து 775 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஹைட்ரோமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லவும் உரிமை இருக்கிறது. காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது போட்டால் அதிகம் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதற்காக யாரும் விடியற்காலையில் எழ வேண்டாம். தொட்டி பூமிக்கு அடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் சூடு பெரிதாக மாறுவதில்லை.

ஏ9 வீதி:

வணக்கம் அண்ணா, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு, எது உண்மையான மைலேஜ் என்டதுக்கு, என்னட்ட ஒரு பதில் இருக்கு. 2022இல எங்களுக்கு எரிபொருள் தட்டுப்பாடு வந்த நேரம் கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவா வாங்குற முறை கொண்டுவந்தவை, காருக்குக் கிழமைக்கு (ஒரு வாரத்துக்கு) 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, ஓட்டோவுக்கு 5. அதுக்கு முதல் பெற்றோல் செட்டில இரவு பகலா வரிசையில நின்ட நாட்களும் இருக்கு. என்னுடையது வேகன் ஆர், ஜப்பான்ல இருந்து வந்த சின்ன எஞ்சின், டாங்கி 27 லீற்றர். கிழமை முடிஞ்சால் மிச்ச ஒதுக்கீடு கழிஞ்சு போகும், அடுத்த கிழமைக்குச் சேர்க்கவும் ஏலாது. சரி, டாங்கியில சேர்த்து வைப்பம் என்டாலும் 27க்கு மேல பிடிக்காது. அம்மாவைக் கொழும்புக்கு வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேணும், கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் ஒரு வழி. போறதுக்குக் காணும், திரும்பி வாறதுக்குக் காணுமோ என்டது லீற்றர் கணக்கில தெரிஞ்சே ஆக வேண்டிய நிலைமை. திரையில காட்டுறதை நம்பி வவுனியா தாண்டி நடு வீதியில நிக்க ஏலாது.

அப்பதான் ஒரு கொப்பியில எழுதத் தொடங்கினன். இன்றைக்கும் எழுதுறன். செய்தது இவ்வளவுதான். ஒரே செட்டில, முடிஞ்சால் ஒரே பம்பில, முதல் தரம் தானா நிக்கிறதோட நிப்பாட்டுறது. ஓடோமீற்றரை எழுதுறது. அடுத்த முறையும் அதே மாதிரி முதல் தரம் நிக்கிற வரைக்கும் அடிச்சு, எத்தனை லீற்றர் போனது என்டு எழுதுறது. ஓடின தூரத்தை அந்த லீற்றரால பிரிச்சால் அதுதான் கணக்கு. டாங்கி 27ஓ 37ஓ என்டது இதுக்குள்ள வரவே வராது, ஒரே மட்டத்தில இருந்து ஒரே மட்டத்துக்குத் திரும்பி வாறம், இடையில எரிஞ்சது மட்டும்தான் எண்ணப்படுது.

உங்கட கணக்குப் பிழைச்சது இந்த இடத்திலதான் அண்ணா. தாம்பரத்தில முதல் நிறுத்தத்தோட விட்டவை, திருநெல்வேலியில விளிம்பு மட்டும் அடிச்சிருக்கினம். மேலதிகமா ஏத்தின 3.8 லீற்றரை நீங்கள் எரிக்கேல்ல, அது இப்பவும் டாங்கியில இருக்கு. எரிச்சது 34.8. அதால 650ஐப் பிரிச்சுப் பாருங்கோ, 18.7 வரும். உங்கட திரை 19.3 காட்டினது, அது 3 சதவீதம்தான் கூட. என்னுடைய திரையும் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

ஒரு முறை நிரப்பினதை வைச்சு முடிவு எடுக்க வேண்டாம். முதல் நிறுத்தம் கூட ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில வராது, நிலம் சரிவா இருந்தால், வேகமா அடிச்சால், ஒரு லீற்றர் அங்கால இங்கால போகும். 20 லீற்றரில ஒரு லீற்றர் பிழை என்டால் 5 சதவீதம். ஆனால் ஐந்து முறை நிரப்பினதை ஒன்டாக் கூட்டிப் பார்த்தால், தொடக்கத்தில ஒரு பிழை, முடிவில ஒரு பிழை, இடையில உள்ளது எல்லாம் தன்பாட்டில கழிஞ்சு போகும். 100 லீற்றரில ஒரு லீற்றர் பிழை பெரிசில்லைத்தானே. நீங்கள் திரும்பிப் போய்த் தாம்பரத்தில அதே செட்டில முதல் நிறுத்தத்தோட நிப்பாட்டிப் போட்டு, போனது வந்தது இரண்டையும் சேர்த்துப் பாருங்கோ.

கோவை டிரைவர்:

எல்லாரும் கணக்கு போட்டு பயமுறுத்துறீங்க. நான் பதினாறு வருசமா வாடகைக்கு ஓட்டுறேன், இப்போ எர்டிகா, 45 லிட்டர் டேங்க். எனக்கு ஒரே கணக்குதான், இந்த மாசம் பெட்ரோலுக்கு எவ்வளவு போச்சு, எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு. ஆனா 21.21 எங்கே போச்சுனு கேட்டீங்க பாருங்க, அதுக்கு நான் பதில் சொல்றேன்.

அந்த எண் ரோட்டில் எடுத்தது இல்லைங்க. உருளை மேல வண்டிய நிறுத்தி, 20 நிமிசத்துக்கும் குறைவா ஒரு வகுத்து வெச்ச வேகத்துல ஓட்டி எடுக்கிறது. அதிகபட்ச வேகமே 90 தான். ஏசி போட மாட்டாங்க. கார்களை ஒன்னோட ஒன்னு ஒப்பிட்டுப் பார்க்க அது நல்லது, நம்ம பாக்கெட்டுக்கு அது கணக்கில்லை. நீங்க எந்த வேகத்துல வந்தீங்கனு எழுதவே இல்லையே? நாலு பேரு, பெட்டி, ஏசி, திருச்சி தாண்டினதும் 110, சரிதானுங்களா? காத்து தடுக்கிற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 85-ல போறதுக்கும் 110-ல போறதுக்கும் அந்த விசை ஒன்றரை மடங்குக்கு மேல வித்தியாசம். மதுரையிலிருந்து நெல்லைக்கு 20 நிமிசம் முன்னால போறதுக்கு அந்தக் காசு கொடுக்கிறோம். எனக்குக் கட்டுப்படியாகாது, நான் 85-லதான் போவேன்.

பெட்ரோலும் மாறியிருக்கு. இப்போ வர்றது இ20, நூத்துக்கு இருபது எத்தனால். எத்தனாலுக்கு ஒரு லிட்டருக்குள்ள இருக்கிற சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி. 2021-ல நிதி ஆயோக் அறிக்கையிலயே பழைய வடிவமைப்பு கார்களுக்கு 6-லிருந்து 7 சதவீதம் வரைக்கும் குறையலாம்னு போட்டிருந்தாங்க, இ20-க்குனே சரி பண்ணின வண்டிக்கு 1, 2 சதவீதம்தான். உங்களது 2019 வண்டி, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதுக்குப் பங்க் பையனைத் திட்டி என்ன செய்ய.

இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு காட்டுதே, அதை ஊட்டிக்கு ஏறும்போது பாருங்க. மேட்டுப்பாளையத்துல 300 காட்டும், குன்னூர் போறதுக்குள்ள 180-க்கு இறங்கும். டேங்க் ஓட்டையான்னு வாடிக்கையாளர் கேப்பாங்க. அது கடைசியா ஓடின கொஞ்ச தூரத்துல என்ன குடிச்சுதோ அதை வெச்சு மீதியை அளக்குது, ஏத்தத்துல இரண்டாம் கியருல குடிக்கிற மாதிரியே எப்பவும் குடிக்கும்னு நெனச்சுக்கும். இறங்கும்போது கியருல விட்டு ஆக்சிலேட்டரை எடுத்துட்டா எஞ்சினுக்குப் பெட்ரோலே போகாது, சக்கரமே எஞ்சினைச் சுத்தும். அப்போ அந்த எண் மறுபடி ஏறும். மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல மட்டும் இறக்காதீங்க, எஞ்சின் ஐடிலுக்குப் பெட்ரோல் குடிக்கும், பிரேக்கும் சூடாகிப் பிடிக்காமப் போகும். மலையில அது உயிர் சமாச்சாரம்.

விளக்கு எரிஞ்சாலும் 50 கிலோமீட்டர் தாராளமா போகலாம், நான் போயிருக்கேன்.

பழைய பணிமனை:

டிரைவர் தம்பி சொன்ன மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் பழக்கமாக்க வேண்டாம். பெட்ரோல் மோட்டார் டேங்குக்கு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது, சுற்றி இருக்கும் பெட்ரோல்தான் அதன் சூட்டை எடுக்கிறது. அடிமட்டத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மோட்டார் காற்றை உறிஞ்சும், சூடாகும். சத்தம் போட ஆரம்பித்த மோட்டார்களை மாற்றும்போது நான் கேட்பது ஒரே கேள்விதான், "எப்போ பெட்ரோல் போடுவீங்க?" முக்கால்வாசிப் பேர் "விளக்கு எரிஞ்சப்புறம்" என்பார்கள். முள் கால் டேங்குக்கு வந்ததும் போட்டுவிடுங்கள்.

முழு டேங்க் போட்டால் எடை கூடி மைலேஜ் குறையும் என்று சிலர் அரை டேங்க்கோடு ஓட்டுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவை ஒட்டித்தான் வரும். அரை டேங்க் என்றால் 14 கிலோ, பின் சீட்டில் ஒரு சின்னக் குழந்தை உட்கார்ந்த மாதிரி. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. டயரில் காற்று குறைந்தால்தான் குறையும், அதை மாதம் இரண்டு தடவை பாருங்கள்.

தாம்பரம் நெல்லை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று தாம்பரம் வந்து சேர்ந்தோம், நடந்ததை எழுதுகிறேன்.

கிளம்பும் முன் அந்தப் பங்குக்குப் போய், சண்டை இல்லாமல், 5 லிட்டர் குவளையில் பிடித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். மேலாளர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் எடுத்துவரச் சொன்னார். கோட்டுக்கு 20 மில்லி குறைவாக நின்றது, 25-க்குள் வந்துவிட்டது. முத்திரையும் இந்த வருடத்தது. நான் அந்தப் பையனைத் தவறாக நினைத்துவிட்டேன், அவன் அன்று வேலையில் இல்லை, இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

திரும்பும்போது 85, 90-ஐத் தாண்டவில்லை. ஏசி போட்டுத்தான் வந்தோம். 622 கிலோமீட்டர். தாம்பரத்தில் அதே பங்கில், முதல் தடவை நின்றதும் போதும் என்று சொல்லிவிட்டேன். 26.5 லிட்டர் போனது. வழக்கம்போல வகுத்திருந்தால் 23.5 வந்திருக்கும், நானும் ஆகா என்று இருந்திருப்பேன். ஆனால் அந்த 3.8 லிட்டர் கூடுதலாக இருந்ததல்லவா, அதையும் சேர்த்தால் எரிந்தது 30.3, அப்போது 20.5. போக வர மொத்தம் 1,272 கிலோமீட்டர், 65.1 லிட்டர், 19.5. யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது போல மொத்தமாகப் பார்த்தால் குழப்பமே இல்லை. போகும்போது 18.7, வரும்போது 20.5, நடுவில் மாறியது என் கால் மட்டும்தான். ஒன்றேகால் மணி நேரம் அதிகமாக ஆனது, பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். தாம்பரத்தில் போடும்போது துப்பாக்கி ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று தடவை டக் டக் என்று நின்றது, டேங்க் பாதிகூட நிறையவில்லை. மெதுவாக விட்டதும் சரியாகப் போனது. இதற்கு முன் இப்படி ஆனதில்லை. கேனிஸ்டர் என்று சொன்னீர்களே, அதுவாக இருக்குமா?

பழைய பணிமனை:

இருக்கலாம் தம்பி. டேங்கிலிருந்து காற்று வெளியேறும் வழியில் எங்கோ பெட்ரோல் நின்றிருக்கிறது அல்லது கரி நனைந்திருக்கிறது, அதனால் காற்று போக முடியாமல் பெட்ரோல் எதிர்த்து மேலே வருகிறது. ஒரு தடவை ஆனதற்கு உடனே பிரிக்க வேண்டாம். அடுத்த இரண்டு தடவை முதல் நிறுத்தத்தோடு விட்டுப் பாருங்கள், ஓட ஓட எஞ்சினே அந்த ஆவியை இழுத்துக் காயவைத்துவிடும். அதற்குப் பிறகும் டக் டக் என்று நின்றால், அல்லது பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகத் திணறினால், வண்டியைப் பணிமனையில் விட்டு ஆவிக்குழாயையும், கரி டப்பாவின் ஆவியை எஞ்சினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது கொண்டுபோங்கள், இறக்க வேண்டி வந்தால் அவர்களுக்கு வேலை சுலபம்.